குளிர் ஒத்துக்குமா என்று கேட்டார்கள்

தம்பி,

சூப்பர்மார்க்கெட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று புதன்கிழமை நீ போனில் கத்தினாய். பின்னால் பஸ் சத்தம், உன் சிநேகிதர்களின் கூச்சல். ‘நல்லா இருடா’ என்று சொல்ல வேண்டிய வாயில் வேறு ஒன்று வந்துவிட்டது. “இன்டர்வியூல குளிர் ஒத்துக்குமான்னு கேட்டாங்களா?” என்றேன். நீ சிரித்தாய். “ஆமாம்மா, கடைசியா அதைத்தான் கேட்டாங்க. உனக்கு எப்படித் தெரியும்?” என்றாய். பதில் சொல்லாமல், சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். நேரில் ஆரம்பித்தால் பாதியில் “அம்மா, ப்ளீஸ்” என்று எழுந்து போய்விடுவாய். ஞாயிற்றுக்கிழமை, வேலைக்காக நீ பிடித்திருக்கும் நியூ டவுன் அறைக்குக் கிளம்பும்போது இதை உன் பைக்குள் வைத்துவிடுவேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, மெதுவாகவே படி. திங்கட்கிழமை கடைக்குள் நுழைவதற்கு முன் படித்து முடித்தால் போதும். படித்ததும் உன்னோடு தேர்வான மற்றப் பிள்ளைகளையும் உட்காரவைத்து வங்காளத்தில் சொல். இது உனக்கு மட்டும் எழுதியதில்லை.

எத்தனை இடம் ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ‘கூப்பிடறோம்’ என்று அனுப்பினார்கள். அப்புறம்தான் நான் சொன்னபடி செய்தாய். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் வாடிக்கையாளனைப் போல இரண்டு தடவை கடையைச் சுற்றிப் பார்த்தாய். எந்த அலமாரி சீக்கிரம் காலியாகிறது, எந்த கவுண்டரில் ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள் என்று கவனித்தாய். கூட்டமில்லாத நேரத்தில் போய் மானேஜரைக் கேட்டாய். புதுச் சட்டை போடாமல், தேய்த்த பழைய சட்டையில் போனாய். தெரியாததைக் கேட்டபோது ‘தெரியாது, கத்துக்கறேன்’ என்றாய். எல்லாம் நான் வேலை வாங்கிய வழிதான். அதே வழி உன்னையும் உள்ளே கொண்டுபோய் விட்டிருக்கிறது. புதன்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்காததற்குக் காரணம் இதுதான்.

நான் கடை வேலைக்குப் போன காலம் உனக்கு நினைவிருக்கும். ஹவுராவில் அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். அப்பா தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நீ பிளஸ் டூ. கல்யாணமானதிலிருந்து நான் வெளியே போவதென்றால் லேக் மார்க்கெட்டுக்குப் போய்க் கருவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கி வருவதுதான். நம் பாலிகஞ்ச் தெருமுனையில் இருந்த சூப்பர்மார்க்கெட்டின் கண்ணாடிக் கதவில் ‘ஆட்கள் தேவை’ என்று ஒட்டியிருந்தார்கள். கீழ்வீட்டுக்காரி ஷம்பா பௌதிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, “அந்தக் கடையில அடிக்கடி ஒட்டறாங்க” என்றாள். நான் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். அடிக்கடி ஆள் எடுக்கிறவர்கள் என்னையும் எடுப்பார்கள் இல்லையா?

போய்க் கேட்பதற்கு முன் சில நாள் கடையைச் சுற்றிப் பார்த்தேன். பில் போடுகிற பெண்கள் அதே பெண்கள். காய்கறிப் பக்கமும் அதே ஆள். உறைந்த மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் வைக்கிற பக்கத்தில் மட்டும் ஒரு தடவை பார்த்த முகத்தை மறு தடவை பார்க்க முடியவில்லை. அதைக் கவனித்தேன் தம்பி. ஆனால் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே என்றுதான் சந்தோஷப்பட்டேன்.

மானேஜர் பெயர் சென்குப்தா. மெலிந்த மனிதர், மரியாதையாகப் பேசுவார். ஒரு சின்ன மேஜை, எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி. என்னென்ன பாஷை தெரியும் என்றார். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், ஹிந்தி சமாளிப்பேன், இங்கிலீஷ் படிப்பேன் என்றேன். லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வருவதைச் சொல்லி, அவர்களுக்கு எந்தப் பருப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை, நான் சொல்வேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கணவர், பிள்ளை, படிப்பு எல்லாம் கேட்டார். அப்புறம் பேனாவை மூடிவைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “உங்களுக்குக் குளிர் ஒத்துக்குமா?” என்றார். “எனக்கு எல்லாம் ஒத்துக்கும் சார்” என்றேன். “தனியா இருக்கப் பயமில்லையே?” என்றார். அதற்கும் இல்லை என்றேன். “அப்போ நாளைக்கே வந்துடுங்க” என்றார். என்னைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. முன்வேலை இல்லாத, நாற்பதைத் தாண்டிய ஒருத்தியை ஏன் இவ்வளவு அவசரமாக எடுக்கிறார்கள் என்று நானும் யோசிக்கவில்லை. வரும் வழியில் அப்பாவுக்குப் பிடித்த இனிப்புத் தயிர், மிஷ்டி தோய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உனக்கு நான் சொல்லித்தராமல் விட்டது இதைத்தான். வேலை கிடைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் எங்கே?

கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளைத் தாண்டி, கோல்ட் ரூம். நம் சமையலறை அளவு இருக்கும். பெரிய வெள்ளைக் கதவு, கனமானது. உள்ளே நுழைந்தால் பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும், அதற்குப் பின்னால் எல்லாம் புகைமூட்டம் போல வெண்மை. கதவின் உள்பக்கம் ஒரு பச்சைக் குமிழ் உண்டு. கதவு சாத்திக்கொண்டால் அதை அமுக்கித் திறந்துகொண்டு வரலாம். முதல் நாள் எனக்கு வேலை காட்டியவள் ரூபா, பில் கவுண்டர் பெண். உள்ளே போவதற்கு முன் அவள் ஒரு காலி பால் க்ரேட்டை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். “இதை மறக்கவே கூடாது தீதி” என்றாள். குமிழ் இருக்கிறதே என்றேன். “அமுக்கிப் பாருங்க” என்றாள். நான் உள்ளே நின்று குமிழை அமுக்கிப் பார்த்தேன். அது உள்ளே போயிற்று, சுற்றிற்று, ஒன்றையும் தள்ளவில்லை. அதைச் சுற்றி, என் மார்பு உயரத்தில், பெயின்ட் பெயர்ந்து தகரம் தெரிந்தது. கொஞ்சம் கீழே, இடுப்பு உயரத்திலும் பெயர்ந்திருந்தது. அதற்கும் கீழே, முழங்கால் உயரத்திலும்.

கதவு திறந்தே இருந்தால் சென்குப்தாவுக்கு ஆகாது. ஐஸ்கிரீம் இளகும், கரன்ட் பில் ஏறும், தலைமை ஆபீஸிலிருந்து திட்டுவார்கள். க்ரேட்டைப் பார்த்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். நாங்கள் மறுபடி வைப்போம். குமிழைச் சரிசெய்யச் சொன்னேன். “எழுதிப் போட்டாச்சு. துர்கா பூஜோ முடியட்டும்” என்றார். இந்த ஊரில் ஆவணி பிறந்துவிட்டால் எதைக் கேட்டாலும் பூஜோ முடியட்டும் என்பார்கள், உனக்குத் தெரியாததா.

ஒருநாள் வெளியே டீக்கடை பெஞ்சில் ரூபாவைப் பிடித்துக்கொண்டேன். “எனக்கு முன்னால இருந்த பொண்ணு யாரு? என்ன ஆச்சு அவளுக்கு?” என்றேன். அவள் மண் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். “ஜூமா. மத்தியானம், கூட்டமே இல்லை. யாரோ க்ரேட்டை எடுத்துட்டாங்க. எவ்வளவு நேரம் உள்ள இருந்தான்னு யாருக்கும் தெரியாது தீதி. ஒரு அம்மா வந்து இறால் கேட்டாங்க. அப்பதான் ஜூமா எங்கன்னு தேடினோம்.” அவளே தன் வலது கையை நீட்டி, நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கிக் காட்டினாள். “இந்த ரெண்டையும் எடுத்துட்டாங்க. உடம்பு சரியில்லாம நின்னுட்டான்னு எங்களைச் சொல்லச் சொன்னாங்க.”

நான் அன்றே நின்றிருக்கலாம். வீட்டுக்கு வந்தேன். அப்பா ஜன்னலோரம் இருந்தார். நீ டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். மறுநாள் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒன்று மட்டும் செய்தேன். கோல்ட் ரூமுக்குப் போகும்போதெல்லாம் ரூபாவின் கவுண்டர் வழியாகப் போய், “ரூபா, போறேன்” என்று சொல்லிவிட்டுப் போவேன். வந்ததும் “வந்துட்டேன்” என்பேன். மற்றவர்கள் சிரித்தார்கள். ரூபா சிரிக்கவில்லை.

பூஜோவின் ஷஷ்டி அன்று மத்தியானம். தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. இறால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். ரூபாவிடம் சொன்னேன், க்ரேட்டை வைத்தேன், உள்ளே போனேன். தலைமை ஆபீஸ் ஆட்கள் பார்வையிட வந்திருந்தது எனக்குத் தெரியாது. சென்குப்தா அவர்களுக்கு முன்னால் நடந்து வந்திருக்கிறார். கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும், அவர்கள் கண்ணில் படுவதற்குள் க்ரேட்டைக் காலால் நகர்த்திக் கதவைத் தள்ளிவிட்டார். அதோடு சுவிட்சையும் அணைத்தார். விளக்கின் சுவிட்ச் வெளியேதான் இருந்தது.

கதவு விழுந்த சத்தம் பெரிதாக இல்லை, தம்பி. நம் வீட்டு பீரோ சாத்துகிற மாதிரி ஒரு மெத்தென்ற சத்தம். அப்புறம் இருட்டு. முதலில் நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தடவிக்கொண்டே போய்க் குமிழை அமுக்கினேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது. கையால் தட்டினேன். கை வலித்தது, பிறகு வலிக்கவில்லை. அந்த வலிக்காததுதான் பயமாக இருந்தது. தட்டில் ஒரு முழு ரூய் மீன் இருந்தது, கல் மாதிரி உறைந்து. அதை வாலைப் பிடித்துத் தூக்கிக் கதவில் அடித்தேன். வெளியே டாக் அடிப்பது எனக்குக் கேட்டது. நான் அடிப்பது அவர்களுக்குக் கேட்கவில்லை. வங்காளத்தில் கத்தினேன், ஹிந்தியில் கத்தினேன். அப்புறம் எல்லாப் பாஷையும் போய்விட்டது. “கதவைத் திறங்க, கதவைத் திறங்க” என்று தமிழில்தான் கத்திக்கொண்டிருந்தேன், அந்தக் கடை ஆட்கள் ஒருத்தருக்கும் புரியாத தமிழில். உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தால் நல்லா இருக்கும், கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம் என்று தோன்றியது. அப்போதுதான், முழங்கால் உயரத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது ஏன் என்று எனக்குப் புரிந்தது. ஜூமா கடைசியில் உட்கார்ந்துகொண்டு தட்டியிருக்கிறாள். நான் உட்காரவில்லை. மீனை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்தது ரூபா. பில் போடுவதைப் பாதியில் விட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்கள் திட்டத் திட்ட ஓடி வந்திருக்கிறாள். “நீங்க வந்துட்டேன்னு சொல்லலை தீதி, நீங்க சொல்லவே இல்லை” என்று அழுதுகொண்டே என் விரல்களைத் தேய்த்தாள். அரிசி மூட்டை மேல் என்னை உட்காரவைத்தார்கள். சென்குப்தா டீ கொண்டுவந்தார். “உள்ள ஆள் இருக்கறது தெரியாது, கடவுள் மேல சத்தியம்” என்றார். அதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். டீயைக் குடித்து முடிப்பதற்குள், “வெளியில சொல்ல வேண்டாம். கம்பெனி பார்த்துக்கும்” என்றார்.

வீட்டில் காய்ச்சல் என்று சொன்னேன். நீ பந்தலிலிருந்து எனக்கு முட்டை ரோல் வாங்கி வந்தாய். “பூஜோவுக்குன்னு பார்த்து உனக்குக் காய்ச்சல் வருது” என்று கோபித்துக்கொண்டாய். என் இடது கை இரண்டு விரல்கள் இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்க உதவாது. சர்க்கரை வியாதி என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குச் சர்க்கரை கிடையாது, தம்பி.

பூஜோ முடிந்து வேலைக்குப் போனபோது சென்குப்தா “ஷுபோ பிஜோயா” என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்லி ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்புக் கொடுத்தார். இனி நான் பில் கவுண்டரில் இருக்கலாம் என்றார். நேராகப் பின்னால் போய்க் குமிழைப் பார்த்தேன். அப்படியே சுற்றியது. திரும்பி வந்தால் அவர் மேஜைக்கு எதிரே, அதே பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதிருக்கும். நன்றாகத் தேய்த்த பழைய சுடிதார். அவர் பேனாவை மூடிவைப்பதைப் பார்த்தேன். “உனக்குக் குளிர் ஒத்துக்குமா?” என்றார்.

என் வாழ்க்கையில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே புகுந்து பேசியவள் இல்லை நான். உள்ளே போனேன். “அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காதும்மா. ஒருத்திக்கு ரெண்டு விரல் போச்சு. ஷஷ்டி அன்னைக்கு நான் உள்ள இருந்தேன்” என்று என் கையைக் காட்டினேன். சென்குப்தா எழுந்து நின்றார். அந்தப் பெண் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். “இப்போ சரியாயிடுச்சா?” என்றாள் அவரிடம். “ஆகிடும்” என்றார். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “ஆனதும் கூப்பிடுங்க சார். எனக்கு வேலை கட்டாயம் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரூபா கொஞ்ச நேரம் பில் போடுவதை நிறுத்தித் தன் கவுண்டர் விளக்கை அணைத்தாள். அவள் பக்கத்துப் பெண் அணைத்தாள். அன்று மத்தியானம் ஒருத்தரும் கோல்ட் ரூமுக்குள் போகவில்லை. மீன் பெட்டி காலியாயிற்று, பட்டாணி காலியாயிற்று, வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் மெக்கானிக் வந்தான். ஒரு ஸ்பிரிங்கை மாற்றினான். ஒரு டீ ஆறுகிற நேரம் கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணை மறுநாளே கூப்பிட்டார்கள், வந்தாள். கம்பெனி அந்தக் கடையையே மூடிவிடும்வரை நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். கம்பெனி அதன் பிறகு பெரிய பெரிய கடைகளாகத் திறந்துகொண்டே போயிற்று. உன் கடையும் அதில் ஒன்றுதான் என்று புதன்கிழமை நீ பெயரைச் சொன்னபோதுதான் தெரிந்தது.

இன்று காலை நீ ஷூவைத் துடைத்துக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாய்: “என்னை எடுத்தவர் சென்குப்தான்னு ஒருத்தர்மா. இப்போ ஏரியா மானேஜர். வீட்டு அட்ரஸைப் பார்த்துட்டு அம்மா பேர் கேட்டார். ரொம்ப தைரியசாலின்னு சொன்னார்.” நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். திருப்பிப் போட்டதையே மறுபடி திருப்பினேன். நான் யாரென்று தெரிந்துகொண்டே என் பிள்ளையிடம் அந்தக் குளிர்க் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

நீ வெளியே போனதும் பஸ் பிடித்து நியூ டவுன் போனேன். உன் கடை கண்ணாடியும் வெளிச்சமுமாக, நம் பழைய கடையைப் போல நாலு மடங்கு இருக்கிறது. ஒரு பெண் உறைந்த பட்டாணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அரைக்கை யூனிஃபார்முக்குள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஒரு பாக்கெட்டை எடுக்கிற மாதிரி குனிந்து, “ஏம்மா, உங்க கோல்ட் ரூம் கதவு உள்ளிருந்து திறக்குமா?” என்றேன். அவள் கை நின்றுவிட்டது. ஆபீஸ் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாய் அசையாமல் கேட்டாள்: “மாஷிமா, உங்களுக்கு யார் சொன்னாங்க?”

போகாதே என்று எழுதப் பேனா துடிக்கிறது. நீ போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒரு பிள்ளை திங்கட்கிழமை உட்காருவான், அவன் அம்மா இந்த ஊரில் எங்கேயோ சந்தோஷமாக இனிப்பு வாங்கிக்கொண்டிருப்பாள். அதனால் போ. போனதும் கையெழுத்துப் போடாதே, யூனிஃபார்ம் வாங்காதே. முதலில் அந்தக் கதவை உள்ளிருந்து திறந்து காட்டச் சொல். ‘ஆகிடும்’ என்று சொன்னால் எழுந்து வா, வெளியே நான் நிற்பேன். நான் வருவதை நீ தடுக்க முடியாது.

பட்டாணி அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் பெயர் சுமனா. உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். “திங்கட்கிழமை வரைக்கும் நான் தனியாத்தான் உள்ள போகணும் மாஷிமா” என்றாள். என் போன் நம்பரை அவள் உள்ளங்கையில் எழுதிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதும் போன் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை, கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும்.

அம்மா